'அன்பு ஹோர்மோன்' ஊசியும் ஒரு வயல் எலியும்

சுருவிலில் எனக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் கைத்தொலைபேசியில் வந்த காணொளி ஒன்றைக் காட்டினார். ஒட்சிரோசின் 'அன்பு ஹோர்மோன்', அதைக் கொடுத்தால் ஒதுங்கி இருப்பவர்களும் பழையபடி பழகுவார்கள் என்றது அது. "தடுப்பால வந்ததில இருந்து என்ர மனுசன் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை, பிள்ளை. உந்த ஊசி போட்டால் கதைப்பாரோ?"

ஒட்சிரோசின் எங்கள் தாய்மாருக்குப் புதிதல்ல. பிரசவ வலியைத் தூண்டவும், பிள்ளை பிறந்தபின் குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்தவும் ஆஸ்பத்திரியில் கொடுப்பது அதுதான். 'அன்பு' என்ற பட்டம் வந்ததற்குப் பெரிய காரணம் பிரெய்ரி வோல் என்ற வட அமெரிக்க வயல் எலி. சோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாத விலங்கு. அதன் மூளையில் ஒட்சிரோசினைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகளை மருந்தால் தடுத்தால் பெண் எலி சோடியை நாடுவதில்லை என்று 1990களில் கண்டார்கள். காணொளிக்காரர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

பிறகுதான் கிரிஸ்பர் வந்தது. கலிபோர்னியாவில் தேவானந்த் மனோலி, நிராவ் ஷா ஆகியோரின் குழு, அந்த வாங்கியை உருவாக்கும் பரம்பரையலகையே கருநிலையில் செயலிழக்கச் செய்து எலிகளைப் பிறக்கவைத்தது. 2023 இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. அந்த எலிகளும் சோடி சேர்ந்தன, குட்டிகளைப் பார்த்தன, பாலும் கொடுத்தன. பால் குடித்து வளர்ந்து தப்பிய குட்டிகள்தான் குறைவு.

முதல் ஆய்வு பிழை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு பாதை பிறப்பிலிருந்தே இல்லாவிட்டால் மூளை வேறு பாதை போட்டுக்கொள்ளக்கூடும். வளர்ந்தபின் திடீரென்று அடைப்பது வேறு கதை.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2022 இல் நடந்தது இன்னும் விசித்திரம். வசோபிரெசின் என்ற ஹோர்மோனின் வாங்கியை சிரிய ஹம்ஸ்டர்களில் இதே முறையில் நீக்கினார்கள். சண்டை குறையும், தொடர்பாடல் குறையும் என்பது எதிர்பார்ப்பு. இரண்டுமே கூடின. ஆணும் பெண்ணும் தம் பாலினத்தவரோடு ஒரேமாதிரி மூர்க்கமாக மோதின.

ஒரு ஹோர்மோனை ஒரு குணத்தோடு முடிச்சுப்போட்டு விற்பவர்களை நான் நம்பாததற்கு இந்த ஹம்ஸ்டர்கள் போதும். இவை எல்லாம் கூட்டில் வளர்ந்த விலங்குகள். தடுப்பில் இருந்து வந்த மனிதரின் மௌனத்தை எந்த எலியிலும் அளக்கவில்லை.

இதைச் சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப ஊசி இல்லை எண்டுறாய்," என்றார் அன்ரி. யாழ். போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கோ என்றேன்.

"அதுக்கு அவர் படலையைத் தாண்ட வேணுமே, பிள்ளை."