உமறுப் புலவரும் சீறாப்புராணமும்

ஒரு சமுதாயம் தான் மிக உயர்ந்ததென மதிப்பதைத் தன் தாய்மொழியிலேயே பாடிக் கேட்கும் நாள் வரையில், அம்மொழி அதற்கு முழு உரிமையாகிவிடுவதில்லை. வயலிலும் கடைத்தெருவிலும் வழங்கும் மொழி ஒன்று, வணக்கத்துக்கும் பக்திக்கும் உரிய மொழி வேறொன்று என்று வாழ்வு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். தமிழ் பேசும் முஸ்லிம்களின் வாழ்வில் அத்தகைய பிளவு நிலைபெறாமற் காத்தவர்களுள் தலைசிறந்தவர், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர்.

இஸ்லாமியப் பொருளைத் தமிழிற் பாடியவர்களுள் அவர் முதல்வர் அல்லர். 1572-ஆம் ஆண்டிலேயே வண்ணப் பரிமளப் புலவர் ஆயிர மசலா என்னும் நூலை இயற்றினார். அதன் பின்னர் ஆலிப் புலவரின் மிகுராசு மாலை தோன்றிற்று. எனினும் நபிகள் நாயகம் அவர்களின் திருவாழ்வைத் தமிழ்ப் பெருங்காப்பிய மரபின் நிறைந்த அழகுகளோடு விரித்துப் பாடும் பணி எஞ்சியே நின்றது. அப்பணிக்கு உரிய புலவர் பாண்டி நாட்டின் சிற்றரசு ஒன்றின் அவையிலே உருவாகிக்கொண்டிருந்தார்.

உமறு 1642 முதல் 1703 வரை வாழ்ந்தவர் எனக் கொள்வர். எட்டயபுர அரசவையில் விளங்கிய கடிகைமுத்துப் புலவர் அவருடைய ஆசிரியர். இந்து சமயத்தவரான அவ்வாசிரியர், முஸ்லிம் மாணவர் ஒருவருக்கு இலக்கணத்தையும் இலக்கியத்தையும் வேறுபாடின்றி வழங்கினார். மாணவரும் ஆசிரியருக்குப் பின் அவ்வவையின் புலவராயினார். கம்பர் முதலான பெரும்புலவரின் நடை அவர் நாவிற் படிந்திருந்தது என்பதற்கு அவருடைய காப்பியமே சான்று.

சீறாப்புராணம் எழுந்த வகையைப் பற்றி வழிவழியாக வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. கீழக்கரை வள்ளல் சீதக்காதி, நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழிற் பாடுமாறு உமறுவை வேண்டினார். அதற்கு வேண்டிய அரபு நூற்செய்திகளைப் பெரும் மார்க்க அறிஞரான சதக்கத்துல்லா அப்பாவிடம் பெற்றுக்கொள்ளுமாறும் பணித்தார். புலவர் சென்றார். அரண்மனைப் புலவருக்குரிய உடையும் அணியுமாக வந்து நின்றவரைக் கண்ட அறிஞர், இத்தகையவரிடம் இப்புனித வரலாற்றை ஒப்படைக்கலாமோ என்று ஐயுற்று மறுத்துவிட்டார். புலவர் மனம் நொந்து திரும்பினார். பின்னர் அறிஞரின் உள்ளம் கனிந்தது. பரங்கிப்பேட்டையில் இருந்த மார்க்க அறிஞர் ஒருவர் வாயிலாகப் புலவருக்குச் செய்திகள் கிடைக்க வழி பிறந்தது.

இவ்வரலாற்றின் ஒவ்வொரு கூறையும் நிறுவுதற்குச் சான்று தேடுவார் ஆராய்ச்சியாளர். ஆயினும் இதனுள் அடங்கிய உண்மை தெளிவானது. அரபு கற்றவரிடம் பொருள் இருந்தது. தமிழ் கற்றவரிடம் சொல் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் நம்பினாலன்றி இக்காப்பியம் பிறந்திராது. மறுத்த அறிஞரின் அச்சமும் பொருளற்றதன்று. கற்பனைக்கு இடந்தரும் காப்பியத்தில் நபிகள் நாயகத்தின் வரலாறு திரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அவ்வச்சம். அவ்வச்சத்துக்கு உமறு தந்த விடையே சீறாப்புராணம்.

சீதக்காதி மறைந்த பின்னர், பரங்கிப்பேட்டை வள்ளல் அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். காப்பியத்துள் புலவர் நன்றியுடன் பலவிடங்களிற் போற்றுவது இவரையே.

'சீறத்' என்னும் அரபுச் சொல் வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும். அது தமிழில் 'சீறா' என நின்று, 'புராணம்' என்னும் சொல்லோடு இணைந்து நூலின் பெயராயிற்று. நூல் மூன்று காண்டங்களை உடையது. பிறப்பைக் கூறும் விலாதத்துக் காண்டத்தில் 24 படலங்களும், நபித்துவத்தைக் கூறும் நுபுவ்வத்துக் காண்டத்தில் 21 படலங்களும், மக்காவை விட்டு மதீனா சென்ற பின்னரான நிகழ்ச்சிகளைக் கூறும் ஹிஜ்றத்துக் காண்டத்தில் 47 படலங்களும் உள்ளன. ஆக 92 படலங்கள், 5027 பாடல்கள்.

தமிழ்க் காப்பிய நெறிப்படி கடவுள் வாழ்த்தில் தொடங்கும் புலவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வருணிக்கிறார். அங்கே மழை பொழிகிறது. மலையிற் பிறந்த வெள்ளம் குறிஞ்சி முதலிய நிலங்களைக் கடந்து மருதத்திற் பாய்கிறது. உழவர் உழுகின்றனர், நாற்று நடுகின்றனர், விளைந்ததை அறுக்கின்றனர். மணற்பரப்பு மிகுந்த அரபு நாட்டில் இத்தகைய ஆறும் நெல்வயலும் ஏது என்று வினவுவோர் உண்டு. புலவர் நில நூல் எழுதவில்லை. தலைவன் பிறந்த நாட்டை வளமுடையதாகப் பாடுவது தமிழ் மரபு; தமிழன் அறிந்த வளமோ நீரும் நெல்லும். கல்முனைப் பகுதியில் 'வட்டை' எனப்படும் வயல்வெளியில் சூடு மிதித்துக் களைத்த உழவர் இப்படலத்தைக் கேட்கும்போது, நபிகள் பிறந்த நாடு எங்கோ கடலுக்கு அப்பால் உள்ள அயல்நாடாகத் தோன்றாது. அவருடைய வயலின் பசுமையே அங்கும் படர்ந்திருக்கும். புலவர் வேண்டியதும் அந்த அண்மையே.

வருணனையில் தமிழ் மரபைத் தழுவிய புலவர், கொள்கையில் இஸ்லாமிய நெறி வழுவாது நின்றார். தீன், கலிமா, நபி முதலிய சொற்களை மாற்றாமலே கையாண்டார். அவை விருத்தப்பாவின் ஓசையோடு இழைந்து, தமிழ்ச் செவிக்கு இயல்பாகவே ஒலிக்கின்றன.

அவருடைய உள்ளத்தை அறிதற்கு மானுக்குப் பிணை நின்ற படலம் ஒன்றே போதும். வேடன் ஒருவன் மானொன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அவ்வழி வந்த நபிகளிடம் மான் தன் துயரைச் சொல்கிறது: பாலின்றி வாடும் கன்றுக்கு ஒருமுறை பாலூட்டித் திரும்பி வர விடை வேண்டும். நபிகள் மானுக்காகத் தாமே பிணை நிற்கின்றார். காட்டுக்குப் போன விலங்கு திரும்புமா என்று வேடன் நகைக்கிறான். மான் தன் கூட்டத்தை அடைந்து, கன்றுக்குப் பாலூட்டுகிறது. போகவேண்டாம் எனச் சுற்றம் தடுக்கிறது. தனக்காகப் பிணை நின்றவரைப் பொய்யராக்கி வாழ்வதினும் இறப்பதே மேல் என்று அது புறப்படுகிறது. கன்றும் தாயைத் தொடர்ந்து வருகிறது. வாக்குத் தவறாத விலங்கைக் கண்டு வேடனின் மனம் மாறுகிறது. அருள், தாய்மை, வாக்குத் தவறாமை ஆகிய மூன்றையும் ஒரு காட்டு நிகழ்ச்சியில் வைத்துக் காட்டும் இப்படலம், சமய வேறுபாடின்றி மாணவர் பலர் விரும்பிக் கற்பதாகும்.

காப்பியம் நிறைவுறவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. நபிகளின் இறுதிக்காலம் வரையுள்ள வரலாற்றைப் பின்னர் பனீ அகமது மரைக்காயர் பாடினார். அது சின்னச் சீறா என வழங்குகிறது. ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் தொட்டுத் தொடர்ந்தமை, இந்நூலைத் தமிழ் முஸ்லிம்கள் தம் பொதுச்செல்வமாகக் கருதியதைக் காட்டும்.

ஆயினும் ஓலைச்சுவடிக்குக் கறையான் பகை. உயர்ந்த கவிதை என்பதனாலேயே ஒரு நூல் பிழைத்துவிடுவதில்லை. தேடித் தொகுப்பவர் வேண்டும். சீனத்தின் பெருங்கவி தூ ஃபூ 770-ஆம் ஆண்டில் அலைந்து திரிந்த நிலையில் இறந்தார். சிதறிக் கிடந்த அவர் பாடல்களில் 1400-க்கு மேற்பட்டவற்றை அறிஞர் ஒருவர் திரட்டித் தொகுத்தது 1039-இலேதான். உமறுவுக்கு அத்தொண்டைச் செய்தவர் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம். சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1842-இல் அவர் சீறாப்புராணத்தை அச்சேற்றினார். ஓலையிற் கிடந்த காப்பியம் அதன்பின் ஊர்தோறும் செல்லலாயிற்று. ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, எழுத்தறியாதாரும் செவிவழியே அதனைத் துய்த்தனர்.

இந்நூல் வகையைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு உரியதாக்கிய பெருமையில் ஈழத்துக்கும் பங்குண்டு. கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். அவரிடம் பயின்ற ம. மு. உவைஸ், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆராய்ந்து 1953-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். 1966-இல் கல்முனைக்கு வடக்கே உள்ள மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடிற்று. கடிகைமுத்துப் புலவருக்கும் உமறுவுக்கும் இடையே நிலவிய உறவு, இரண்டரை நூற்றாண்டு கடந்து இக்கடற்கரையிலும் தழைத்தது எனலாம்.

இன்று அச்சு நூலுக்குக் குறைவில்லை. கறையானுக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. படிப்பாரும் பொருள் சொல்வாரும் அருகுவதே அச்சத்துக்குரியது. தேர்வுக்காக ஒரு படலத்தை மனனம் செய்து மறந்துவிடும் தலைமுறைக்குச் சீறாப்புராணம் வெறும் பெயராகிவிடும். மாலை வேளையில் வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் ஒரு பாடலைப் படித்துப் பேரப்பிள்ளைக்குப் பொருள் சொல்வாராயின், உமறு நிறைவு செய்யாது விட்ட காப்பியம் அவ்வீட்டில் ஒவ்வொரு நாளும் தொடரும்.