நாணல் எழுதுகோலும் நல்லாசானும்

திருவல்லிக்கேணி என்றவுடன் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலும், பாரதியார் வாழ்ந்த வீதியும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அதே திருவல்லிக்கேணியில், வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகே உள்ள ஒரு சிறு கட்டடத்திலிருந்து, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் உருது நாளேடு கையினாலேயே எழுதப்பெற்று வெளிவந்தது என்பதை நேயர்களிற் பலர் அறிந்திரார். அதன் பெயர் 'முசல்மான்'. அச்செழுத்துக் கோப்போர் இன்றி, நாணற் கோலும் மையும் கொண்டு எழுத்தர்கள் சிலர் பக்கம் பக்கமாக எழுதி முடித்த ஏடு அது. அவ்வெழுத்தர்களுக்குக் காத்திபு என்று பெயர். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் உரையாற்றும் கத்தீபு வேறு, இந்தக் காத்திபு வேறு. முன்னவர் நாவால் தொண்டு செய்பவர். பின்னவர் விரலால் தொண்டு செய்பவர்.

இக்காத்திபுகளின் கலை எங்கிருந்து வந்தது, எவ்வாறு கற்பிக்கப்பட்டது, அதற்கு நேர்ந்த இடர் யாது என்பவற்றை இவ்வுரையில் சுருங்கக் காண்போம்.

இசுலாமிய உலகில் எழுத்துக்கலைக்கு உள்ள மதிப்பு வேறெந்தக் கைத்தொழிலுக்கும் இல்லை எனலாம். திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்திற்கு 'எழுதுகோல்' என்பதே பெயர். வழிபாட்டிடங்களில் உருவங்களைத் தீட்டும் வழக்கம் இல்லாமையால், கைவண்ணத்தின் ஆற்றல் முழுவதும் எழுத்தின் வடிவிலே சென்று குவிந்தது. கி.பி. 940இல் மறைந்த பாக்தாதின் அமைச்சர் இப்னு முக்லா எழுத்துகளுக்கு அளவு வகுத்தார். நாணற் கோலின் நுனியைத் தாளில் ஒரு முறை அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அப்புள்ளியே அளவுகோல். ஓர் எழுத்து இத்தனை புள்ளி உயரம், இத்தனை புள்ளி அகலம் என்பது விதி. சிற்பிகள் தாள அளவு கொண்டு திருமேனியை வகுத்தலை அறிந்த நமக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. இப்னு முக்லாவுக்குப் பின் 1022இல் மறைந்த இப்னுல் பவ்வாபும், 1298இல் மறைந்த யாக்கூத்தும் இக்கலையைச் செம்மை செய்தனர். பெண்களும் இதில் சிறந்து விளங்கினர். 1178இல் பாக்தாதில் காலமான சுஹ்தா என்னும் அம்மையார் 'எழுத்தர்' என்னும் பட்டத்தையே தம் பெயரோடு சேர்த்து வழங்கப்பெற்றார்.

பாரசீகத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது நஸ்தலீக் என்னும் எழுத்துவகை. மீர் அலி தப்ரீசி என்பார் அதன் தந்தையெனப் போற்றப்படுகிறார். அதில் எழுத்துகள் நேர்கோட்டில் நில்லாமல், சொல்லின் தொடக்கத்தில் மேலே நின்று முடிவில் கீழே சரிந்து இறங்கும். ஒரே எழுத்து, தனக்கு முன்னும் பின்னும் வரும் எழுத்துக்கேற்ப வடிவம் மாறும். முகலாயர் அவையில் ஆட்சிபுரிந்ததும், பின்னர் உருது மொழிக்கு உரியதாகியதும் இவ்வெழுத்தே.

இனி, இக்கலை சென்னைக்கு வந்த வரலாற்றைப் பார்ப்போம். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா 1768இல் சேப்பாக்கம் அரண்மனையில் குடியேறினார். அவரைப் பின்தொடர்ந்து அறிஞரும், முன்ஷிகள் எனப்பெறும் எழுத்தரும் திருவல்லிக்கேணியைச் சூழ்ந்து குடியேறினர். லக்னோவின் பேரறிஞர் மௌலானா அப்துல் அலி, 'பஹ்ருல் உலூம்' அதாவது 'கல்விக்கடல்' எனப் புகழப்பட்டவர், இங்கு வந்து கற்பித்து 1810இல் இந்நகரிலேயே மறைந்தார். அவரது அடக்கத்தலம் வாலாஜா பள்ளிவாசலின் வளாகத்தில் உள்ளது. அப்பள்ளிவாசல் 1795இல் எழுந்தது. அதன் உள்ளே கல்லிற் பொறிக்கப்பட்ட பாரசீகக் கல்வெட்டு ஒன்று உண்டு. எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. அவற்றைக் கூட்டினால் பள்ளிவாசல் கட்டப்பெற்ற ஹிஜ்ரி ஆண்டு கிடைக்கும்படி அமைந்த பாடல் அது. அதனை இயற்றியவர் நவாபின் முன்ஷியாகிய ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். எழுத்துக்கலைக்கு மதவேலி இருந்ததில்லை என்பதற்குச் சென்னை மாநகரிலேயே நிற்கும் சான்று இது.

1855இல் நவாபு குலாம் கவுஸ் கான் பிள்ளைப்பேறின்றி இறக்கவே, கும்பெனியார் நவாபுப் பட்டத்தை ஒழித்தனர். சேப்பாக்கம் அரண்மனையும் கைமாறியது. அரசவையை நம்பி வாழ்ந்த எழுத்தர் குடும்பங்களின் நிலை என்னாயிருக்கும்? அவர்களைத் தாங்கியது கல்லச்சு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்ட இம்முறையில், எழுத்தைக் கோக்க வேண்டுவதில்லை. எழுத்தர் தாளில் எழுதியதை அப்படியே கல்லில் பதித்து அச்சிடலாம். வளைந்தும் சரிந்தும் செல்லும் நஸ்தலீக்கை ஈய எழுத்துகளில் வார்ப்பது பெரும்பாடு. ஆதலின் உருது உலகம் கல்லச்சைத் தழுவியது. தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களும் இவ்வாறே பல்கின. மேலைநாட்டில் அச்சு வந்தபோது கையெழுத்தர் தொழில் இழந்தனர். இங்கோ அச்சே கையெழுத்தரை வாழவைத்தது.

இந்தப் பின்னணியில்தான் 1927இல் சையத் அஸ்மத்துல்லா 'முசல்மான்' ஏட்டை நிறுவினார். அதனைத் தொடங்கி வைத்தவர் டாக்டர் அன்சாரி. அவ்வாண்டு டிசம்பரில் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. நிறுவியவருக்குப் பின் அவர் மகனார் சையத் ஃபஸ்லுல்லா ஆசிரியரானார். 2008இல் அவர் மறைந்தபின் அவர்தம் மகனார் சையத் ஆரிஃபுல்லா பொறுப்பேற்றார். கணிப்பொறி எங்கும் பரவிய பின்னரும் இக்குடும்பத்தார் கையெழுத்தைக் கைவிடவில்லை.

அங்கு நடைபெற்ற வேலையின் முறை கேட்கத் தக்கது. நான்கு பக்க மாலை ஏடு அது. செய்தி வந்ததும் உருதுவில் மொழிபெயர்க்கப்பெறும். பின் காத்திபு ஒரு பக்கத்தை எழுதத் தொடங்குவார். ஒரு பக்கம் முடிய ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். முதற்பக்கத்தில் ஒரு மூலை வெறுமையாக விடப்பட்டிருக்கும். பிற்பகலில் ஏதேனும் முக்கியச் செய்தி வரின் அதற்கு அவ்விடம். முந்தைய நாளில், ஒரு பெரும்பிழை நேரின் பக்கம் முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்த பக்கம் நிழற்படமாக்கப்பெற்று, தகட்டில் ஏற்றப்பெற்று, அச்சாகி மாலையில் வாசகர் கைக்குச் செல்லும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு எழுதிய காத்திபுகள் மூவரே. அவருள் இருவர் பெண்மணிகள். பாக்தாதின் சுஹ்தா அம்மையாரின் மரபு எட்டு நூற்றாண்டுகள் கடந்து திருவல்லிக்கேணியில் நின்றது என்று சொன்னால் அது மிகையன்று.

காத்திபு ஒருவர் உருவாவது எங்ஙனம்? முதலில் மாணவர் மரப்பலகையில் மண் பூசி, உலர்த்தி, அதன்மேல் எழுதிப் பழகுவார். கோலை அவரே சீவ வேண்டும். நுனியை எத்துணைச் சாய்வாக வெட்டுவது என்பதே முதற்பெரும் பாடம். சாய்வு பிழைத்தால் எழுத்து முழுதும் பிழைக்கும். மையும் விளக்குப் புகைக்கரியும் பிசினும் சேர்த்துக் காய்ச்சியதே. அலிஃப் என்னும் முதலெழுத்து ஒரு செங்குத்துக் கோடு. நஸ்தலீக்கில் அதன் உயரம் மூன்று புள்ளி. இந்த ஒரு கோட்டைத் திரும்பத் திரும்ப எழுதுவதிலேயே நாள்கள் பல கழியும். பின்னர் தனியெழுத்துகள், பின்னர் இரண்டிரண்டாக இணைந்த எழுத்துகள், பின்னர் வரிகள். இப்பயிற்சிக்கு மஷ்கு என்று பெயர். துருக்கி நாட்டு ஆசான்கள் எழுத்துகளைத் தொடங்குமுன், காரியம் எளிதாகுக என இறைவனை வேண்டும் ஒரு வாக்கியத்தையே முதற்பாடமாகத் தந்தனர். மாணவர் எழுதிக் கொணர்ந்ததன் கீழே ஆசான் சிவப்பு மையால் சரியான வடிவை எழுதிக் காட்டுவார். ஆண்டுகள் சென்றபின், ஒரு முன்னோரின் எழுத்தை மாணவர் பிசகாது படியெடுத்துக் காட்டினால், அதன் அடியிலேயே ஆசான் இசைவு எழுதிக் கொடுப்பார். அது இஜாசா. அதைப் பெறுமுன் மாணவர் தம் எழுத்தின்கீழ் தம் பெயரை இடும் உரிமை பெறார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகைக்கு முன் நின்றவன் என்ற முறையில், இந்தக் கடைசி விதியை எண்ணி வியக்கிறேன். நம் பள்ளிகளில் பிள்ளை முதல்நாளே தன் பெயரை எழுதக் கற்கிறது. அங்கோ, பெயரெழுதும் தகுதி கல்வியின் முடிவில் வருகிறது. இரண்டும் தத்தம் நோக்கிற்கு ஏற்றவையே. அவற்றை ஒன்றெனக் கருதுவதுதான் தவறு.

சென்னைக்கும் கல்வி வரலாற்றுக்கும் உள்ள ஒரு தொடர்பை இங்கே சொல்லுதல் பொருந்தும். வாலாஜா பள்ளிவாசல் எழுந்த அதே காலத்தில், 1789 முதல் 1796 வரை, எழும்பூரில் படைவீரரின் அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் நடத்தினார். நம் திண்ணைப்பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையை வளர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கானவர்க்கு எழுத்தறிவித்தல் அதன் குறிக்கோள். காத்திபின் ஆசானோ ஓரிருவரையே வாழ்நாளில் நிறைவாக உருவாக்கினார். ஒன்று அகலம், மற்றொன்று ஆழம். ஒரே நகரில், ஒரே காலத்தில், இரு முறைகளும் அருகருகே நின்றன. அகலமான முறை உலகை வென்றது, அது நன்றே. ஆயினும் அதன் வெற்றியால் ஆழமான முறை தேவையற்றதாகிவிடவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் இருந்து, ஆசான் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிப் பெற்ற பயிற்சி இத்தகையதே. அப்பயிற்சி இல்லையேல், பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு சிதைந்த ஏடுகளைப் படித்துப் பதிப்பிக்கும் கண் அவருக்கு வாய்த்திருக்குமா?

1981இல் இக்கலைக்கு எதிர்பாராத ஒரு திருப்பம் நேர்ந்தது. பாகிஸ்தானில் மிர்சா அகமது ஜமீல் என்பார் மோனோடைப் நிறுவனத்தாரோடு சேர்ந்து, நஸ்தலீக்கைக் கணிப்பொறியில் ஏற்றும் வழி கண்டார். ஏறத்தாழ 20,000 சொற்கூட்டு வடிவங்கள் அதற்கு வேண்டியிருந்தன. அவ்வாண்டே லாகூரில் 'ஜங்' நாளேடு அம்முறையில் வெளிவந்தது. பின்னர் மலிவான கணிப்பொறி நிரல்கள் வரவே, உருது ஏடுகளில் வேலைபார்த்த காத்திபுகள் ஆங்காங்கே தொழிலிழந்தனர். இதில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த 20,000 வடிவங்களும் வானத்திலிருந்து விழவில்லை. எழுத்துக்கலை பயின்ற ஒரு கை அவற்றை முதலில் எழுதியது. எந்திரம் அக்கையைப் படியெடுத்தது. ஆக, எந்திரமும் ஒரு காத்திபின் மாணவனே. ஆனால் கற்றதை மட்டும் ஒப்பிக்கும் மாணவன். ஒரு வரியில் இடம் போதாதபோது சொல்லை எங்கு ஏற்றுவது, எங்கு நீட்டுவது என்று பக்கத்தைப் பார்த்து முடிவுசெய்யும் அறிவு பழகிய கைக்கே உரியது. அக்கைகள் அற்றுப்போனால், நாளை புதிய வடிவங்களை எந்திரத்துக்குக் கற்பிக்க யார் இருப்பார்?

2021இல் யுனெஸ்கோ நிறுவனத்தார் 16 நாடுகளின் வேண்டுகோளை ஏற்று, அரபு எழுத்துக்கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தனர். இஸ்தான்புல்லில் 1986 முதல் பன்னாட்டு எழுத்துக்கலைப் போட்டிகள் நடந்துவந்துள்ளன. இந்தியாவில் உருது வளர்ச்சிக்கான தேசியக் குழு பயிற்சி நிலையங்களை அமைத்துள்ளது. இவை யாவும் பாராட்டத்தக்கவை. ஆயினும், பட்டியலில் சேர்வதால் மட்டும் ஒரு கலை உயிரோடு இராது. திருவல்லிக்கேணி ஏடு இக்கலையைக் காத்தது எப்படி என்று ஆராய்ந்தால் உண்மை புலப்படும். அது கலையைக் காப்பதற்காக நடத்தப்பட்ட ஏடன்று. செய்தி சொல்ல நடத்தப்பட்ட ஏடு. மாலைக்குள் நான்கு பக்கம் முடிய வேண்டும் என்ற கட்டாயமே அங்குள்ள விரல்களைக் கூர்மை கெடாது வைத்திருந்தது. நாள்தோறும் பயன்படாத கருவி துருப்பிடிக்கும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, வேலை தருதல். பள்ளிவாசல் முகப்புக் கல்வெட்டு, திருமண அழைப்பிதழ், பட்டமளிப்புச் சான்றிதழ், நூலின் முகப்பு ஆகியவற்றை எழுதக் கைதேர்ந்த காத்திபை நாடி, தகுந்த ஊதியமும் தந்தால் அதுவே பெரும் உதவி. இரண்டாவது, ஆசானுக்கும் மாணவருக்கும் சேர்த்தே உதவித்தொகை அளித்தல். மாணவருக்கு மட்டும் கொடுத்தால், ஆசான் தம் பிழைப்பைவிட்டுக் கற்பிக்க நேரம் காணார். மூன்றாவது, எண்ணிக்கையைக் குறைவாகவே கொள்ளுதல். ஆறு மாதத்தில் 100 பேருக்குச் சான்றிதழ் வழங்குவதினும், 7 ஆண்டுகளில் இருவரை இஜாசாவுக்கு உரியவராக்குவது மேல்.

'சித்திரமும் கைப்பழக்கம்' என்று நாம் சொல்லும் மொழி பழையது. கைப்பழக்கம் என்பது ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்வது. நூலில் எழுதிவைக்கலாம், படமெடுத்துச் சேமிக்கலாம். அடுத்த கை அருகில் இல்லாதபோது அது அங்கேயே நின்றுவிடும். திருவல்லிக்கேணிப் பக்கம் செல்லும் நேயர்கள் வாலாஜா பள்ளிவாசலைக் காணும்போது, உள்ளிருக்கும் கல்வெட்டின் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால், சிவப்பு மையால் திருத்திய ஓர் ஆசான் இருந்தார் என்பதை எண்ணிப் பார்ப்பார்களாக. அத்தகைய ஆசானுக்கு இன்றும் ஒரு மாணவர் வாய்க்க வேண்டும்; அம்மாணவருக்கு உண்ணவும் உடுக்கவும் வழியிருக்க வேண்டும். அவ்வளவே வேண்டுவது.