முதலும் பொழுதும்: ஆஸ்டின் டவுன் தமிழ்க் குடும்பங்களின் செட்டு வாழ்க்கை

தமிழில் குடும்பச் சிக்கனம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் திருக்குறளின் இரண்டு இடங்களைச் சுட்டுவர். ஒன்று 478ஆம் குறள். வருவாய் குறைவாயிருப்பினும் செலவு அதனை மீறாதாயின் தீங்கில்லை என்பது அதன் கருத்து. இக்குறள் வலியறிதல் அதிகாரத்தில், அரசனுக்குரிய பகுதியில் இடம்பெற்றுள்ளது. கருவூலம் உடையவனை நோக்கிச் சொல்லப்பட்டது. மற்றொன்று வாழ்க்கைத் துணைநலத்தின் முதற் குறள். இல்லாள் கணவனின் வளத்திற்குத் தக வாழ்தலாவது முதல் இவ்வளவு என அறிந்து அதற்கேற்பச் செலவிடுதல் என்று பரிமேலழகர் அங்கு விளக்குகிறார். முதலுக்கு மிஞ்சிய செலவை நல்வழியும் கண்டிக்கிறது. இம்மூன்று இடங்களிலும் முதல் கையில் இருக்கிறது. அதன் அளவும் தெரிந்திருக்கிறது. அது எப்பொழுது வந்து சேரும் என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை.

கூலிக் குடும்பங்களுக்கோ அவ்வினாவே முதன்மையானது. ஒரு மாதத்தின் மொத்த வரவு மொத்தச் செலவுக்கு ஏறத்தாழ ஈடாக இருக்கும்பொழுதும், வாடகை நாளன்று கையில் பணம் இல்லாமற்போவது இயல்பு. ஆகவே அவர்களிடம் சிக்கனம் என்பது குறைத்துச் செலவிடும் பண்பாக மட்டும் அமையாது, வரவின் நாளையும் செலவின் நாளையும் பொருத்தும் அறிவாகவே அமைந்தது. பெங்களூரின் ஆஸ்டின் டவுனை முன்வைத்து இதனைக் காணலாம்.

இடமும் மக்களும்

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்தனர். மக்கள் வழக்கில் அது 'தண்டு' எனப்பட்டது. படையுடன் வந்த தமிழரும், அதன் தேவைகளுக்காகப் பின்னர் வந்த வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டத் தமிழரும் அங்கு நிலைத்தனர். கொத்தனார், சமையற்காரர், தோட்டக்காரர், வண்டிக்காரர், சலவைத் தொழிலாளர் எனப் பல தொழிலினர் அவர்கள். 1898இன் கொள்ளைநோய்க்குப் பின் நெருக்கடியான குடியிருப்புகளைத் தளர்த்தப் புதிய பேட்டைகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் பிரேசர் டவுன் பெரிதும் அறியப்பட்டது. ஆஸ்டின் டவுனோ குறைந்த வருவாயினருக்கான சிறு வீடுகளுக்குப் பெயர்பெற்ற பகுதி. தண்டுப் பகுதி 1947இல் மைசூர் அரசிடம் மீண்டது. 1949இல் தண்டும் நகரும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. ஆஸ்டின் டவுனுக்குப் பின்னாளில் எப். கிட்டெல் நகர் என்னும் பெயர் வழங்கப்பட்டது. 1894இல் கன்னட அகராதி வெளியிட்ட செருமானியப் பாதிரியார் அவர். தமிழ் ஒலிக்கும் தெருக்களுக்குக் கன்னட அகராதியாசிரியரின் பெயர் வாய்த்தது ஒரு சுவையான செய்தி. ஆயினும் மக்கள் நாவில் பழைய பெயரே நிற்கிறது.

அடுக்களைக் கணக்கு

மாதத்தின் முதல் வாரத்து அடுப்பும் கடைசி வாரத்து அடுப்பும் ஒன்றல்ல. கூலி வந்தவுடன் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கப்படும். அவை தீரும் நாள்களில் கேழ்வரகு கைகொடுக்கும். பூச்சி எளிதில் அண்டாமையால் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கத்தக்க தானியம் அது. அரிசியுணவைப் பெருமையாகக் கருதிய குடும்பங்களிலும் களி இறங்கியதற்கு விலை மட்டும் காரணமன்று. உண்டவர் வயிற்றில் நெடுநேரம் நிற்கும் என்பதும் காரணம். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தைகளில் அவரை மலியும். ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பில் வைக்கும் குழம்பு, கறி எடுக்க இயலாத ஞாயிற்றுக்கிழமையின் குறையைத் தீர்க்கும். அருகிலுள்ள ரிச்மண்ட் டவுன் ஜான்சன் மார்க்கெட் போன்ற சந்தைகளுக்குக் கடை கட்டும் நேரத்தில் செல்வதும் இதே அறிவின் பாற்பட்டது. வாடும் பொருளுக்குப் பொழுது சாயச் சாய விலை இறங்கும்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது சிக்கன நூல்கள் தவறாமல் கூறும் அறிவுரை. மொத்தமாக வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும் என்பதை அவை கூறுவதில்லை. நாட்கூலி பெறுபவர் நூறு மில்லி எண்ணெய் வாங்கும்பொழுது லிட்டர் வாங்குபவரைவிடக் கூடுதல் விலையே கொடுக்கிறார். அதை அறியாமை எனல் பொருந்தாது. அன்று அவரிடம் உள்ளது அவ்வளவே. இவ்வுண்மையை முதலில் வணிகமாக்கியவர்கள் கடலூர்க்காரர்கள் என்பது நோக்கத்தக்கது. சின்னி கிருஷ்ணன் சிறு பொட்டலத்தில் பொருளை அடைத்து விற்கும் முறையைக் கண்டார். அவர் மக்கள் அம்முறையில் ஷாம்புவை ஊரெங்கும் கொண்டு சென்றனர். தெருமுனைக் கடையின் கணக்குப் புத்தகமும் இவ்வகையில் எண்ணத்தக்கதே. கடன் சொல்லி வாங்கும் பொருளின் விலையில் வட்டி மறைந்திருக்கும். ஆனால் அடுப்பு அணையாது.

சீட்டு

செட்டு என்னும் சொல் வணிகத்தையும் சிக்கனத்தையும் ஒருங்கே குறிப்பது. செட்டாகக் குடும்பம் நடத்தும் பெண்களின் கையிருந்த தலையாய கருவி சீட்டு. அதன் இயக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இருபது பேர் மாதம் 500 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டும் ஏலச்சீட்டின் தொகை 10,000 ரூபாய். ஒரு மாதம் ஒருவர் 2,000 தள்ளி ஏலம் எடுத்தால் அவருக்கு 8,000 கிடைக்கும். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவருக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 500 போக, எஞ்சிய 1,500 இருபது பேருக்கும் பிரியும். ஆளுக்கு 75 ரூபாய் கழிவு. கட்ட வேண்டியது 425. அவசரமுள்ளவர் முதலில் எடுத்து இழக்கிறார். பொறுத்திருப்பவர் கடைசியில் எடுத்துப் பெறுகிறார். சேமிப்பும் கடனும் ஒரே வட்டத்தில் சுழல்கின்றன.

வங்கிச் சேமிப்பிலிருந்து இது வேறுபடும் இடம் முக்கியமானது. வங்கியில் போடாத மாதத்தை எவரும் கேட்பதில்லை. சீட்டில் கட்டத் தவறினால் பத்தொன்பது பேர் முகத்தில் விழிக்க வேண்டும். அம்மானமே சேமிப்பைக் காத்தது. கணவன் கேட்டாலும் 'சீட்டுக்கு வைத்தது' என்று மனைவி மறுக்க முடிந்தமைக்கும் அதுவே காரணம். இதன் மறுபுறத்தை மூடிமறைத்தல் கூடாது. சீட்டு நடத்துபவர் ஓடிப்போனால் பணம் போனதுதான். சென்னை மாநிலம் 1961இலும் நடுவண் அரசு 1982இலும் சீட்டு நிதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றின. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்து விழுக்காட்டுக் கழிவு 2019இன் திருத்தத்தால் ஏழாக உயர்ந்தது. தெருவில் நம்பிக்கையின் மேல் நடக்கும் சீட்டுகளுள் பெரும்பாலானவை இச்சட்டங்களின் நிழலுக்கு வெளியே நிற்பவை.

போக்கியம்

எடுத்த சீட்டுப் பணம் திருமணம், மருத்துவம், பள்ளிக்கட்டணம் எனப் பல வழிகளில் சென்றது. அவற்றுள் வரலாற்று நோக்கில் தனித்துக் கருதத்தக்கது வீட்டுப் போக்கியம். பெங்களூரில் இதனை 'லீசு' என்றும் வழங்குவர். பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்பொழுது அத்தொகையை அப்படியே திரும்பப் பெறுவது இம்முறை. தொகையின் பயனை வீட்டுக்காரரும் வீட்டின் பயனைக் குடியிருப்பவரும் துய்க்கின்றனர். சோழர் கல்வெட்டுகளில் ஒற்றி எனப்படும் நில ஏற்பாட்டின் நகர்ப்புற உறவாக இதனைக் கருதலாம்.

ஏழைக் குடும்பம் இதனை நாடியதன் காரணம் விலைக் குறியீட்டெண் கணக்கிலேயே தெரிகிறது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுக்காக 1958-59இல் நடந்த குடும்பச் செலவு ஆய்வில் பெங்களூரும் கோலார் தங்கவயலும் மையங்களாக இருந்தன. அகில இந்திய அளவில் இக்குறியீட்டெண்ணில் உணவின் பங்கு 1982ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் 57 விழுக்காடு. 2016 வரிசையில் ஏறத்தாழ 39. வீட்டுச் செலவின் பங்கோ 8.67இலிருந்து 16.87 விழுக்காடாக ஏறியது. அடுக்களையில் பிடிக்கும் மிச்சம் வாடகையில் கரையும் காலத்தில், களியும் கீரையும் செய்யும் உதவிக்கு எல்லையுண்டு. பெங்களூரில் நெடுங்காலம் பத்து மாத வாடகை முன்பணமாகக் கேட்கப்பட்டதையும் இங்கு நினைத்தல் வேண்டும். இரண்டு மூன்று சீட்டுகளைச் சேர்த்துப் போக்கியத்தில் இட்ட குடும்பம் மாதந்தோறும் வாடகை நாளின் அச்சத்திலிருந்து விடுபட்டது. மிஞ்சிய பணத்தில் அடுத்த சீட்டைத் தொடங்கியது. பள்ளிப்படிப்பு ஏறாத பெண்கள் வகுத்த இத்தொடர் ஏற்பாடு, நிதி மேலாண்மை என்னும் பெயர் பெறாத நிதி மேலாண்மையே.

இதன் பலவீனம் தாளில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவுச் செலவைத் தவிர்க்கப் பதினொரு மாதம் என எழுதி முத்திரைத் தாளில் கையொப்பமிடுவதே வழக்கமாயிற்று. வீடு முன்னரே வங்கியில் அடமானம் இருப்பதும், ஒரே வீடு இருவருக்குப் போக்கியம் விடப்படுவதும், தொகை திரும்பாமையும் இவ்வழி நேர்ந்த கேடுகள். பதிவில் மிச்சப்படுத்திய சில ஆயிரம், பல ஆண்டுச் சீட்டுப் பணத்தை இழக்கச் செய்தது. செட்டு தவறிய இடம் என ஒன்றைக் கூற வேண்டுமாயின் இதுவே. ஆயினும் அக்குற்றத்தைக் குடும்பத்தலைவி ஒருத்தியின் மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது.

2023 சூனில் கர்நாடக அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும், ஆகஸ்டில் குடும்பத்தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் கிருஹலட்சுமி திட்டமும் தொடங்கின. பேருந்துக் காசு அன்றாடம் மிச்சமாயிற்று; 2,000 ரூபாயைக் குறித்த நாளுக்குரிய வரவாக எண்ணிச் சீட்டில் சேர்ந்தால், தவணை பிந்திய மாதங்களில் கையைக் கடிக்கும். திட்டப் பணம் பிந்தலாம். சீட்டு ஏலம் குறித்த நாளிலேயே நடக்கும்.