கம்பெனி எஞ்சினும் வெளி எஞ்சினும்: பிரைட்டன் சாலையில் ஒரு பழைய வழக்கு

பழைய பாணி மோட்டார் சைக்கிளில் கம்பெனி எஞ்சினையே காப்பாற்றி வைப்பதா, வெளி எஞ்சினை வாங்கிப் பூட்டுவதா என்ற கேள்வி, வண்டிகள் பழசான பிறகு எழுந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது மோட்டார் சைக்கிளோடு கூடப் பிறந்தது. அதன் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி நடந்தது தெற்கு லண்டனில். ஸ்ட்ரெதம் ஹை ரோடு, லண்டனையும் பிரைட்டன் கடற்கரையையும் இணைக்கும் ஏ23 சாலையின் ஒரு துண்டு. 2002இல் பிபிசி வானொலி நேயர்கள் பிரிட்டனின் மிக மோசமான தெரு என்று தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். நெடுஞ்சாலை எம்23 வருவதற்கு முன், வார இறுதியில் கடற்கரைக்குக் கிளம்பிய லண்டன் வண்டிகளுக்கு இதுவே நேர் வழி. அவற்றில் பல, ஒரு கம்பெனியின் உடம்பில் இன்னொரு கம்பெனியின் எஞ்சினோடு ஓடியவை.

தொடக்கக் காலத்தில் சொந்த எஞ்சின் வைத்திருந்த கம்பெனிகள் குறைவு. சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்கள் பெல்ஜியத்தின் மினெர்வா எஞ்சினை வாங்கிச் சட்டகத்தில் பொருத்தி மோட்டார் சைக்கிள் என்று விற்றார்கள். 1901இல் வந்த முதல் ராயல் என்ஃபீல்டும் 1902இல் வந்த முதல் டிரையம்ஃபும் அப்படிப்பட்டவையே. வடக்கு லண்டனின் டாட்டன்ஹாமில் ஜான் ஆல்ஃபிரெட் பிரெஸ்ட்விச் நடத்திய ஜே.ஏ.பி. ஆலை எஞ்சின் செய்து கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. பணக்காரர்களின் வண்டி என்று பெயரெடுத்த ப்ரஃப் சுப்பீரியர்கூடத் தன் எஞ்சினைத் தானே செய்யவில்லை. எஸ்.எஸ். 100 மாடலில் முதலில் ஜே.ஏ.பி. எஞ்சின் இருந்தது. 1930களின் நடுவில் அந்த இடத்துக்கு மேட்ச்லெஸ் எஞ்சின் வந்தது. இந்த வண்டிகளுக்கு ‘ஒரிஜினல் எஞ்சின்’ என்றால், முதன்முதலில் வெளியிலிருந்து வாங்கிப் பூட்டிய எஞ்சின் என்றுதான் பொருள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதை மாறியது. பெரிய கம்பெனிகள் எல்லாம் சொந்த எஞ்சின் செய்தன. ஆனால் நல்ல எஞ்சினும் நல்ல சட்டகமும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கவில்லை. எட்வர்ட் டர்னர் 1930களின் இறுதியில் வடிவமைத்த டிரையம்ஃபின் இரட்டை சிலிண்டர் எஞ்சின் மலிவானது. வேகம் ஏற்றத் தோதானது. உதிரிபாகம் எங்கும் கிடைத்தது. அதே டிரையம்ஃபின் சட்டகமோ அதிவேகத்தில் வளைவுகளில் ஆட்டம் காட்டியது. பெல்ஃபாஸ்ட் நகரின் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் நார்ட்டனுக்காக உருவாக்கிய சட்டகம் 1950இல் பந்தயக் களத்தில் இறங்கியது. இறகு மெத்தையில் படுத்ததுபோல் இருக்கிறது என்று அந்த அணியின் பந்தய வீரர் ஹெரால்ட் டேனியல் சொன்னதாகவும், அதிலிருந்தே ‘ஃபெதர்பெட்’ என்ற பெயர் நிலைத்ததாகவும் சொல்வார்கள். டேனியலின் மோட்டார் சைக்கிள் கடை ஸ்ட்ரெதமுக்குக் கிழக்கே ஃபாரஸ்ட் ஹில்லில் இருந்தது.

டிரையம்ஃப் எஞ்சினையும் நார்ட்டன் சட்டகத்தையும் சேர்த்துவைத்ததில் கார் பந்தயத்துக்கும் பங்கு உண்டு. அன்றைய ஃபார்முலா 3 பந்தயம் 500 சி.சி. எஞ்சினுக்கானது. சர்பிட்டனில் தயாரான சின்னஞ்சிறு கூப்பர் கார்களுக்கு நார்ட்டன் மேங்க்ஸ் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கச்சிதமாகப் பொருந்தியது. நார்ட்டன் எஞ்சினைத் தனியாக விற்க மறுத்தது. எனவே கார்க்காரர்கள் முழு மோட்டார் சைக்கிளையே வாங்கி, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்த வெற்றுச் சட்டகங்களில் டிரையம்ஃப் எஞ்சின் ஏறியது. டிரையம்ஃபின் முதல் பாதியையும் நார்ட்டனின் கடைசி எழுத்துகளையும் ஒட்டி ‘டிரைட்டன்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கம்பெனியின் பிடிவாதம் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கலப்பினம் இத்தனை பரவியிருக்காது.

பொருத்துவது எளிய வேலை அல்ல. 1962 வரை வந்த 650 சி.சி. டிரையம்ஃபில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. அதனால் நார்ட்டன் கியர்பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் மாற்ற முடிந்தது. இரண்டையும் சட்டகத்தோடு பிணைக்க அலுமினியத் தகடுகளை அளவெடுத்து அறுக்க வேண்டும். பிரைமரி செயின் நூல் பிடித்ததுபோல் நேராக ஓட வேண்டும். ஒரு நூல் விலகினாலும் செயின் தேயும், கிளட்ச் படுத்தும். எஞ்சினின் தலைப்பகுதியைச் சட்டகத்தோடு இழுத்துப் பிடிக்கும் தாங்கி சரியில்லை என்றால், இரட்டை சிலிண்டரின் அதிர்வே தகடுகளைப் பிளந்துவிடும். வீட்டுக் கொட்டகையில் இரும்பு ரம்பமும் அரமும் வைத்துச் செய்த டிரைட்டன்கள் ஏராளம். அவற்றில் மோசமானவையும் ஏராளம். நேர்த்தியாகச் செய்தவர்களில் முதன்மையானவர் டேவ் டீகன்ஸ். அவருடைய டிரெஸ்டா நிறுவனம் டிரைட்டன்களை விலைக்குச் செய்துகொடுத்தது. 1965இல் பார்சிலோனாவின் 24 மணி நேரப் பந்தயத்தில் டீகன்ஸும் ரெக்ஸ் புச்சரும் டிரைட்டனில் ஓடி, பெரிய தொழிற்சாலைகளின் வண்டிகளை முந்தி வென்றார்கள். வெளி எஞ்சின் என்றால் மட்டம் என்ற பேச்சுக்கு அது போதுமான பதில்.

உதிரிபாகத்துக்கு ஸ்ட்ரெதம் ஆட்கள் தூரம் போக வேண்டியதில்லை. பிரிக்ஸ்டனைத் தாண்டினால் ஸ்டாக்வெல் ரோட்டில் பிரைட் அண்ட் கிளார்க் என்ற கடை வரிசை. முகப்பெல்லாம் சிவப்பு வண்ணம் பூசிய அந்தக் கட்டடங்களை அன்டோனியோனியின் 1966 படமான ‘ப்ளோ-அப்’பில் இன்றும் பார்க்கலாம். 1964 மே மாத விடுமுறையில் பிரைட்டன் கடற்கரையில் ‘மாட்’ என்ற இளைஞர் கூட்டத்தோடு மோதிய ‘ராக்கர்’ என்ற மோட்டார் சைக்கிள் இளைஞர்களின் கனவு வண்டி டிரைட்டன்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. 1970இல் ராயல் என்ஃபீல்டின் இங்கிலாந்து உற்பத்தி முடிவுக்கு வந்தபோது, அமெரிக்காவுக்குப் போகவிருந்த சுமார் 200 இன்டர்செப்டர் எஞ்சின்கள் துறைமுகத்தில் தேங்கின. வாங்கவிருந்த ஃபிளாய்ட் கிளைமர் இறந்துபோயிருந்தார். ரிக்மன் சகோதரர்கள் தங்கள் சட்டகத்தை அவற்றுக்குக் கொடுத்து, ரிக்மன் இன்டர்செப்டர் என்ற வண்டியைப் படைத்தார்கள். டிரைட்டனில் சட்டகம் எஞ்சினைத் தேடியது. இங்கே எஞ்சின் சட்டகத்தைத் தேடியது.

இங்கிலாந்தில் மூடிய கடை சென்னையில் திறந்தே இருந்தது. 1955இல் ராயல் என்ஃபீல்டு மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த 350 சி.சி. புல்லட்டை 1977 முதல் பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தது. தாய்வீட்டுக்குச் சீர் திரும்பி வந்ததுபோல. வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட அந்த வண்டியின் அமைப்பு 1950களின் ஆங்கிலேய அமைப்பே என்பதால், இங்கிலாந்தின் ரெடிட்ச் ஆலையில் செய்த பழைய புல்லட் வைத்திருந்தவருக்குத் திருவொற்றியூர் எஞ்சின் ஒரு வரப்பிரசாதம். அது கம்பெனி எஞ்சினா, வெளி எஞ்சினா என்பதற்கு யாராலும் நேர் பதில் சொல்ல முடியாது. பின்னால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அடங்கிய யூனிட் எஞ்சின் வந்ததும் இந்த ஒட்டுறவு அறுந்தது. பொருத்தும் இடங்களே மாறிவிட்டதால் அது பழைய சட்டகத்தில் அப்படியே உட்காராது.

‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு மவுசு கூடியது வண்டி ஓட்டியவர்களால் அல்ல, சேகரித்தவர்களால். 1946இல் தோன்றிய வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் மூடிய கம்பெனிகளின் பதிவேடுகளைச் சேர்த்து வைத்தது. எந்தச் சட்டகம் எந்த எஞ்சினோடு ஆலையை விட்டு வெளியேறியது என்று சான்று தர அதனால் முடிந்தது. டிரையம்ஃப் இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்தது. ஆகவே எண் பொருந்தும் வண்டிக்கு விலை ஏறியது; விலை ஏறியதும் எண்ணை ராவி மறுபடி பொறிக்கும் வேலையும் வளர்ந்தது. 1960களின் இறுதியிலேயே டிரையம்ஃப் எண் பொறிக்கும் இடத்தில் தன் சின்னத்தையும் வரிசையாகப் பதித்துவைத்ததால், ராவினால் அங்கே தெரிந்துவிடும். ஒரு காலத்தில் மேங்க்ஸைப் பிரித்து எஞ்சினை எடுத்தவர்களின் வேலையை, இன்று புது மேங்க்ஸ் எஞ்சினை அச்சு அசலாக வார்த்துக் கடையும் பட்டறைகள் ஈடுசெய்கின்றன.

ஓட்டுவதற்கான வண்டிக்கு இப்படிப் புதிதாகச் செய்த எஞ்சினே பல வகையில் மேல். ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000இல் பொது விற்பனையிலிருந்து விலகியது. பழைய வால்வு இருக்கைகள் அதை நம்பியே இருந்தவை. 2021 செப்டம்பரில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் சாதாரண வகையானது. பழைய ரப்பர் பாகங்களை அது அரிக்கும். புது எஞ்சின் இவற்றுக்கெல்லாம் தயாராகவே வருகிறது. அரிய ப்ரஃப் சுப்பீரியருக்கு இந்த வாதம் செல்லாது. அதில் எஞ்சினை மாற்றினால் போவது பாதி விலை மட்டுமல்ல, பாதி வரலாறும்தான். அப்போதும் பழைய எஞ்சினைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, ஓட்ட மட்டும் வேறொன்றைப் பூட்டுபவர்கள் புத்திசாலிகள்.

சட்டம் எஞ்சினுக்குப் பெரிய மதிப்புத் தருவதில்லை. மாற்றியமைத்த வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, பிரிட்டனின் ஓட்டுநர், வாகன உரிம முகமை பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறையைப் பின்பற்றியது. தேவை 8 மதிப்பெண். அதில் சட்டகத்துக்கு 5, எஞ்சினுக்கு வெறும் 1. மாசுக் கட்டணம் வந்தபோதும் எஞ்சினைவிட வண்டியின் வயதே பேசியது. 2021 அக்டோபர் 25இல் லண்டனின் மிகக்குறைந்த மாசு மண்டலம் தெற்கு வட்டச் சாலை வரை விரிந்தது. அந்த எல்லைக்கோடு ஏ23ஐ ஸ்ட்ரெதம் ஹில்லின் வடமுனையில் குறுக்கே வெட்டியது. 2023 ஆகஸ்ட் 29இல் மண்டலம் லண்டன் முழுவதற்கும் பரவி, ஹை ரோடும் அதற்குள் வந்தது. 40 ஆண்டுகளைத் தாண்டி, ‘வரலாற்று வாகனம்’ என்று பதிவான மோட்டார் சைக்கிளுக்கு அங்கே கட்டணம் இல்லை. எஞ்சினை மாற்றினால், புது எஞ்சினின் எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றச் சொல்லி முகமைக்கு உரிமையாளர் தெரிவித்தாக வேண்டும்.