பழைய உடல், புதிய இயந்திரம்



1930களில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளர்களுக்கென ஒரு வகை மகிழுந்து விற்கப்பட்டது. இரண்டே கதவுகள், பின்னிருக்கை இல்லை, சரக்கு வைக்கத் தாராள இடம். 'பிசினஸ் கூப்பே' என்பது அதன் பெயர். பின்வந்தோர் அதன் உடலை வைத்துக்கொண்டு, புதிய இயந்திரம் பொருத்தி, 'ஸ்டிரீட் ராட்' என்று அழகுக்காக ஓட்டினர்.

நம் கேமரன் மலையிலும் இதே வேலை நடந்துள்ளது. அழகுக்காக அன்று, பிழைப்புக்காக. இங்கே அவ்வண்டி லேண்ட் ரோவர்.

1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு நிலவியதால் உடலை அலுமினியக் கலவையால் செய்தனர். அத்தட்டுப்பாடு நம் மலைக்கு நன்மையாயிற்று. மழையும் பனிமூட்டமும் மிகுந்த இங்கு எஃகுத் தகடு எத்தனை ஆண்டு தாங்கும்? அடிச்சட்டம் எஃகு. அது துருவேறும், பட்டறையில் ஒட்டுப்போடுவார்கள். இயந்திரம் தேய்ந்தால் இறக்கிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரத்தை ஏற்றுவார்கள். ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை, தேயிலைச் சரிவுகளை ஒட்டிய மண்பாதைகளில் முட்டைக்கோசுடன் ஏறுபவை இவைதாம். அவ்வடிவத்தின் வழிவந்த டிஃபெண்டரின் உற்பத்தி சோலிஹல் ஆலையில் 2016 ஜனவரி 29இல் நின்றது.

பழமை விரும்பிகள் இவற்றை ஆலையிலிருந்து வந்த வடிவத்திற்கே மீட்க விரும்புவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்போது மிஞ்சுவது சோலிஹல்லின் வரலாறு. ஜப்பானிய இயந்திரத்தோடு நம் பட்டறைக்காரர்களின் வரலாறும் கழற்றப்பட்டுவிடும். அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எந்த ஆண்டில் எதை மாற்றினார்கள் என்று தாத்தாக்களிடம் கேட்டு, மாணவர்கள் ஏட்டில் எழுதி வரட்டும்.