சைஃபர்பங்க் இயக்கம்

இணையத்தில் தனிமனிதரின் அந்தரங்கத்தைச் சட்டம் காக்கும் என்று காத்திராமல், குறியாக்க மென்பொருளைத் தாமே எழுதிப் பரப்பிய கணினி வல்லுநர்களின் இயக்கம் இது. எரிக் ஹியூஸ், டிமோதி மே, ஜான் கில்மோர் ஆகியோர் 1992இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கினர். பெயர் சூட்டியவர் ஜூட் மில்ஹன்.

வலுவான குறியாக்கத்தை அன்றைய அமெரிக்கச் சட்டம் போர்த்தளவாடமாகக் கருதியது. உரிமமின்றி ஏற்றுமதி செய்வது குற்றம். ஃபில் சிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி என்னும் மின்னஞ்சல் குறியாக்க மென்பொருள் இணையம் வழியே கடல் கடந்ததால் அவர்மீது விசாரணை தொடங்கியது. மென்பொருளுக்குத்தான் தடை, புத்தகத்துக்கு இல்லை. எனவே 1995இல் அதன் மூலநிரல் முழுவதும் எம்ஐடி பதிப்பகத்தின் நூலாகவே அச்சேறியது! மறு ஆண்டு வழக்கேதும் தொடுக்காமல் அரசு விசாரணையைக் கைவிட்டது. தொலைபேசிக் குறியாக்கத்தின் திறவுகோல் பிரதியை அரசே வைத்துக்கொள்ள வகைசெய்த கிளிப்பர் சில்லுத் திட்டமும் (1993), குறியாக்க ஆய்வாளர் மேட் பிளேஸ் அதிலிருந்த ஓட்டையை வெளிப்படுத்திய பின் தேய்ந்து மறைந்தது.

எழுத்தைக் காத்தாலும், பணம் போன தடத்தைக் கொண்டு ஒருவரின் வாழ்க்கையைப் படித்துவிடலாம். இதை முன்னரே உணர்ந்த டேவிட் சாம் மின்பணத்துக்காகத் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் திவாலானது. அதோடு அதன் மின்பணமும் முடிந்தது. நடுவில் நிறுவனமே இல்லாத பணத்துக்கான வரைவை வெய் தாயும், அத்தகைய பணத்துக்குப் பின்னர் பயன்பட்ட நுட்பத்தை ஆடம் பேக்கும் முன்வைத்தனர். அவ்விருவரின் பணியையும் மேற்கோள் காட்டி, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் பிட்காயின் அறிக்கை வெளிவந்தது.

2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் ஆகியவை இரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்துக்கான நன்கொடை வழிகளை அடைத்தன. பிட்காயினை இதில் இழுக்க வேண்டாம் என்று சதோஷியே கேட்டுக்கொண்டும், அடுத்த ஆண்டு விக்கிலீக்ஸ் அதை ஏற்கத் தொடங்கியது. ஆனால் பிட்காயின் தருவது தடுக்க அரிய பணமே தவிர, அந்தரங்கமான பணம் அன்று. ஒவ்வொரு பரிமாற்றமும் எவரும் பார்க்கக்கூடிய பேரேட்டில் அழியாமல் நிற்கிறது. அடையாளச் சான்று கேட்கும் பரிமாற்றகத்தில் ஒருமுறை கணக்குத் தொடங்கினால் போதும், பிட்காயின் முகவரியோடு பெயரும் சேர்ந்துவிடும்.

எதீரியம் என்னும் வேறொரு பொதுப் பேரேட்டில் இதே போன்ற தடத்தைக் கலைக்கவே டொர்னேடோ கேஷ் என்னும் மென்பொருள் எழுதப்பட்டது. வடகொரியக் கொந்தர்கள் அதைப் பயன்படுத்தியதாகக் கூறி 2022இல் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. 2024 மே மாதத்தில் அதன் உருவாக்குநர் ஒருவருக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 64 மாதச் சிறை விதித்தது. எவராலும் மாற்ற இயலாத நிரல் யாருடைய சொத்தும் ஆகாது, எனவே அதைத் தடை செய்ய இயலாது என்று அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் தடை நீங்கியது.