சுமை வண்டிக்காரரின் பொறுப்பு

வீடு மாறுவோர் லோரிக்காரரிடம் முதலிற் கேட்பது கூலியையே. வழியில் பொருள் உடைந்தால் யார் பொறுப்பு என்னும் கேள்வி, பெரும்பாலும் உடைந்த பின்னரே எழுகிறது. மாற்றலாகிப் போகும் ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். இக்கேள்விக்கு ஆங்கில நாட்டு நீதிமன்றங்கள் விடை கண்ட வரலாறு சுவையானது.

காக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை லண்டனில் ஒரு நிலவறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தருவதாகப் பெர்னார்டு என்பவர் ஒப்புக்கொண்டார். கூலி பேசப்படவில்லை. கவனக் குறைவால் பீப்பாய் உடைந்து பிராந்தி தரையில் ஓடிற்று. வழக்கு 1703இல் தீர்ந்தது. கூலி பெறாதவன் ஈடு செய்வானேன் என்பது எதிர்வாதம். தலைமை நீதிபதி ஹோல்ட் அதனை ஏற்கவில்லை. நம்பி ஒப்படைத்த பொருளைக் கையேற்றதே போதும், கவனமின்மையால் வந்த நட்டம் ஏற்றவனையே சாரும் என்றார். ஊரார் யாவர்க்கும் கூலிக்குச் சுமை ஏற்றும் பொது வண்டிக்காரனுக்கோ பொறுப்பு இன்னும் கடுமை. இயற்கைச் சீற்றம், அரசனின் பகைவர் செயல் இவ்விரண்டும் நீங்கலாக எது நேரினும் அவன் ஈடு செய்ய வேண்டும்.

1785இல் இவ்விதி சோதனைக்கு உள்ளாயிற்று. வண்டிக்காரனிடம் இருந்த சரக்கு, அவன் குற்றம் சிறிதுமின்றித் தீயில் அழிந்தது. தீ மின்னலால் மூண்டதன்று. ஆகவே அவனே பொறுப்பு என்று மான்ஸ்பீல்டு பிரபு தீர்த்தார். கொடுமை எனத் தோன்றலாம். ஆனால் வழியில் நடந்ததை உடையவர் காணார். வண்டிக்காரன் திருடரோடு கூடிக்கொண்டால் அதனை மெய்ப்பிக்கவும் இயலாது.

வண்டிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தம் பொறுப்பைக் குறைத்து அறிவிப்புகளை ஒட்டினர். வழக்குகள் பெருகவே, 1830இல் சட்டம் வந்தது: பொன், கடிகாரம், கண்ணாடி, பீங்கான், பட்டு முதலியன 10 பவுனுக்கு மேற்பட்டால், மதிப்பை முன்னரே அறிவித்தாலன்றி இழப்புக்கு ஈடில்லை. இந்தியாவில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெல்லையை 100 ரூபாய் என வைத்தது. அதன் பட்டியலில் உண்டியல்களும் இடம்பெற்றன. செட்டிமார் கடை நடத்திய காலமல்லவா!

வேலையைப் பார்த்து, விரும்பினால் ஏற்று, விரும்பாவிடில் மறுப்பவர் பொது வண்டிக்காரர் ஆகார். வீட்டுச் சாமான் மாற்றுவோரில் பலர் இவ்வகையினரே. அவர்பால் பேசிய ஒப்பந்தமே முதன்மை. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைத் தழுவியது. அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனத்தை, ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கும் காட்டுக என்பதே அது கேட்கும் அளவு. மான்ஸ்பீல்டு வைத்த அளவினும் இது குறைவு. ஆகவேதான் லோரி ஏறுமுன் சாமான் பட்டியலும் உடைசலுக்கு ஈடும் எழுத்தில் வேண்டப்படுகின்றன.